பதினோராவது பெயர்

அலுவலகத்தில் அவரைக் கதவுக்காரர் என்பார்கள். அவர் தச்சரும் இல்லை, காவலாளியும் இல்லை. பாலங்களின் மேல் காற்று எப்படி மோதும், எந்த வேகத்தில் அடித்தால் பாலம் ஆடத் தொடங்கும் என்று கணக்குப் போட்டுத் தரும் நிறுவனம் அது. கணக்கெல்லாம் நடப்பது தரைத்தளத்தின் கடைசி அறையில், எந்நேரமும் குளிராகவே வைத்திருக்கும் ஒரு பெரிய லினக்ஸ் கணினியில். மாடியில் இருக்கும் பொறியாளர்கள் தங்கள் மேசையிலிருந்தே அதற்குள் நுழைவார்கள், கணக்கை ஓடவிடுவார்கள், வெளியேறுவார்கள். யார் நுழையலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம், அவர்கள் போன பிறகு உள்ளே விட்டுப்போனது என்ன ஆகும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பதினாறு வருஷமாக அந்த அறை அவருடையது. பெயர் கேலியாக வைத்ததுதான் என்றாலும், அவருக்கு உள்ளூரப் பிடித்திருந்தது.

மாமனார் வீட்டில் அவர் பெரிய மாப்பிள்ளை. மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். திருகாணி இருக்கிற எதையும் கழற்றிப் பூட்டுவார். திருகாணி இல்லாத பொருளைக் கண்டால் மட்டும் கைகால் ஓடாது. அதனால் போன் பேசவில்லை என்றாலும், டிவியில் படம் வரவில்லை என்றாலும், "பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிடு" என்பார். இவரும் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் போய் நிற்பார். ஒன்பது வருஷம் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பிறகு மைத்துனிக்குக் கல்யாணம் ஆயிற்று. சின்ன மாப்பிள்ளை வந்தார்.

சின்னவர் காற்றுப் பொறியாளர். வேறு ஊரில் வேலை பார்த்த வரைக்கும் தொல்லை இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போனார். அப்படி வந்த ஒரு தடவை, மாமனாரின் கணினி மெதுவாக இருக்கிறது என்று அதை முழுவதும் துடைத்துப் புதிதாக எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் கதவுக்காரர் போய் உட்கார்ந்து தன் பாஸ்வேர்டைத் தட்டினால், உள்ளே விடவில்லை.

"அது மாறிப்போச்சு மாப்பிள்ளை. சின்னவர் மாத்திட்டார். இருங்க, சீட்டுல எழுதி வெச்சிருக்கேன்" என்று மாமனார் சட்டைப் பையைத் துழாவினார். அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் படித்தவர், தன் பழைய பாஸ்வேர்டையே இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் புதியதைத் தட்டினார். ஏன் அப்படிச் செய்தோம் என்று அவர் அன்றைக்கு யோசிக்கவில்லை.

பிறகு இந்த நிறுவனத்திலேயே ஓர் இடம் காலியானது. கதவுக்காரருக்கு அது முதலிலேயே தெரியும். சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தார். ஆனால் மனைவி, "உங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கறாங்களாமே, என் தங்கச்சிகிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டபோது, "இப்பதானே தெரிஞ்சுது" என்று சொல்ல வேண்டியதாயிற்று. சின்னவரின் விண்ணப்பத்தை அவர் கையில் கொடுத்தே அனுப்பினாள். மூன்று மாதத்தில் சகலைகள் இருவரும் ஒரே கூரையின் கீழ்.

சின்னவர் கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவரோ தினமும் காலையில் மாடிக்குப் போகுமுன் கடைசி அறை வரைக்கும் வந்து, கண்ணாடிக் கதவைத் தட்டி, "குட்மார்னிங் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போவார். சாப்பாட்டு நேரத்தில் கைகளைப் பாலம் போல நீட்டி, ஒரு கைக்குட்டையைக் காற்றாக்கி அவர் விளக்க, நாலு மேசைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்பார்கள். தலைமைப் பொறியாளர் அம்மா சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை. சின்னவர் சொன்ன எதற்கோ அவர் சிரித்தார். கதவுக்காரர் அன்று டிபன் டப்பாவைப் பாதியிலேயே மூடிவிட்டார்.

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. கணினிக்குள் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் ஒன்று உண்டு. ஒருவர் உள்ளே வந்தால் ஒரு வரி. அதைத்தான் செஷன் என்பார்கள். யார், எந்த மேசையிலிருந்து, எத்தனை மணிக்கு வந்தார், கடைசியாக எப்போது விசையைத் தட்டினார் என்று எல்லாம் அதில் தெரியும். முன்பெல்லாம் தேவைப்பட்டால் பார்ப்பார். இப்போது டீ குடிக்கும்போதுகூட ஒரு கண் அதன் மேல் இருந்தது. சின்னவர் எட்டரைக்கே உள்ளே இருக்கிறார். மதியம் எல்லோரும் சோம்பிக் கிடக்கையில் அவர் வரி மட்டும் ஓய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டிலிருந்துகூட நுழைந்திருக்கிறார். 'பெரிய உழைப்பாளிதான்' என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்வார். வேலை செய்யாமல் ஏமாற்றுகிற ஆள் என்று ஒரே ஒரு நாளாவது தெரிந்துவிடாதா என்றுதான் பார்த்தார். அது மட்டும் தெரியவே இல்லை.

அந்த மழைக்காலத்தில் கணினி திணறத் தொடங்கியது. காரணம் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பொறியாளர்கள் வெளியேறிய பிறகும் அவர்கள் திறந்துவைத்த பழைய வேலைகள் உள்ளேயே கிடந்தன. இரண்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டுப் போன ஒருவருடைய நிரல் ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பட்டியலில் அப்படிப்பட்ட வரிகள் 'மூடிக்கொண்டிருக்கிறது' என்று மாதக்கணக்கில் நின்றன.

"இதைச் சுத்தம் பண்ணுங்க. ஆள் போனா, அவங்க குப்பையும் கூடப் போகணும்" என்றார் தலைமைப் பொறியாளர் அம்மா.

"ராத்திரி பூரா ஓடற கணக்கு இருக்கே மேடம்?"

"அது நிக்கக் கூடாது. யாருக்குத் தேவையோ அவங்களுக்கு விதிவிலக்கு குடுங்க. எப்படின்னு உங்களுக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியும். லாக்இன்களை மேற்பார்வை பார்க்கும் நிரலுக்கு ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. அதில் ஒரு வரியில் 'நோ' என்று இருப்பதை 'எஸ்' என்று மாற்றினால், ஒருவர் வெளியேறிய மறுகணமே அவர் ஓடவிட்ட அத்தனையும் நின்றுபோகும். அடுத்த வரியில் சிலருடைய பெயர்களை எழுதிவைத்தால், அவர்களை மட்டும் அது தொடாது. பழைய மேசைக் கணினி ஒன்றில் இரண்டு நாள் சோதனை செய்து பார்த்தார். தானே நுழைந்தார், எதையோ ஓடவிட்டார், வெளியேறினார், மறுபடி நுழைந்து பார்த்தார். நின்றிருந்தது. பெயரை எழுதிவிட்டு அதையே செய்தார். ஓடிக்கொண்டிருந்தது. வேலை என்று வந்துவிட்டால் அவர் கை சுத்தம். அதை அவருக்கு ஆகாதவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

வியாழக்கிழமை மதியம் பெரிய கணினியில் அந்த வரிகளை எழுத உட்கார்ந்தார். நீண்ட கணக்கு போடுகிறவர்கள் பதினோரு பேர். ஒவ்வொரு பெயராகத் தட்டினார். பத்து ஆயிற்று. பதினோராவது சின்னவருடையது.

விரல் நின்றது. மறதி இல்லை. மறதி என்று பிற்பாடு பல தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார், மனசு ஏற்கவில்லை. அந்த நேரத்தில் அவர் நினைத்தது இதுதான்: 'எல்லாத்துக்கும் அவனைத்தான் தேடறாங்க. இதுக்காவது அவன் என்கிட்ட வந்து நிக்கட்டும். அண்ணா, என் பேரையும் சேருங்கன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும். கேட்டா அடுத்த நிமிஷம் சேர்த்துடறேன்.' கோப்பை மூடினார். புதிய ஏற்பாட்டை அமலாக்கினார். விதிவிலக்கு பெற்ற பத்துப் பேருக்கு மட்டும், 'உங்கள் பெயர் சேர்க்கப்பட்டுள்ளது. வேறு யாருக்காவது தேவையென்றால் என்னிடம் கேட்கவும்' என்று ஒரு மெயில் அனுப்பினார். சின்னவருக்கு வாயால் சொல்லிவிடலாம் என்று வைத்துக்கொண்டார். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சின்னவர் ஒரு பெரிய கணக்கை ஓடவிட்டார். நீளமான தொங்குபாலம். எழுபது மணி நேரக் கணக்கு. திங்கள் காலை எட்டு மணிக்கு முடியும். செவ்வாய்க்கிழமை அந்தப் பாலத்துக்காரர்கள் முடிவைக் கேட்க நேரில் வருவதாக இருந்தது. இதெல்லாம் கதவுக்காரருக்குத் தெரியும். பட்டியலைப் பார்க்காமல் இருந்தால்தானே தெரியாமல் இருக்க!

சாயங்காலம் ஐந்து மணி தாண்டி, தோளில் பையோடு சின்னவர் கண்ணாடிக் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார்.

"வரேன் அண்ணா. கணக்கு நல்லா ஓடுது. ஆளைப் பார்த்தா களைச்சிருக்கீங்க, நீங்களும் கிளம்புங்க."

"லாக்அவுட் பண்ணிட்டியா?"

"இல்லை, இப்பப் போய் பண்ணிட்டுத்தான் கிளம்பணும். கர்ச்சீஃபை விட்டுட்டேன், எப்படியும் மேல போகணும்." சிரித்தார். "சொல்லுங்க, ஏதாவது வேலை இருக்கா?"

ஒரு வார்த்தை போதும். இரு என்றால் போதும். 

"ஒண்ணுமில்லை. சரி, பாத்துப் போ."

கதவுக்காரர் திரையின் முன் உட்கார்ந்திருந்தார். ஐந்து பன்னிரண்டுக்குச் சின்னவரின் வரி பட்டியலிலிருந்து மறைந்தது. முன்பு மாதிரி 'மூடிக்கொண்டிருக்கிறது' என்று அது நிற்கவில்லை. இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பின்னால் கணினியின் விசிறிகள், பெரிய சுமை ஒன்று இறங்கியதும் சத்தம் தணிந்து மெல்லச் சுற்றின.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தார்.

திங்கட்கிழமை காலை மாடியில் ஒரே பரபரப்பு. எழுபது மணி நேரத்தில் ஏழு மணி நேரக் கணக்குதான் இருந்தது. கதவுக்காரர் ஏதோ கம்பியைப் பார்க்கிற சாக்கில் மேலே போனார். தலைமைப் பொறியாளர் அம்மாவின் அறைக் கதவு திறந்தே இருந்தது.

"என் புரோகிராம்லதான் ஏதோ கோளாறு மேடம்" என்று சின்னவர் சொல்லிக்கொண்டிருந்தார். "பாதியில அதுவா நின்னிருக்கு. நான் இன்னும் நல்லா சோதிச்சிருக்கணும். என் தப்புதான்."

"நாளைக்கு ஆளுங்க வராங்க. நான் என்ன பதில் சொல்றது? உங்களை நம்பித்தானே தேதி குடுத்தேன்?"

விதிவிலக்கில் எல்லோர் பெயரும் இருக்கும் என்று நம்பிய அந்த அம்மாவுக்குப் புதிய ஏற்பாட்டின் மேல் சந்தேகமே வரவில்லை. உண்மையைச் சொன்னால், கதவுக்காரருக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஐந்து மாதமாகக் காத்திருந்த காட்சி. படி இறங்கித் தன் அறைக்கு வரும் வரைக்கும் அந்தக் குளிர்ச்சி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு இல்லை. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. திட்டு வாங்கும்போதுகூட அவன் கௌரவமாக நின்றானே என்ற எரிச்சல்தான் அது. வெட்கம் பிறகுதான் வந்தது.

மதியம் மாமனார் போன் செய்தார்.

"பெரிய மாப்பிள்ளை, சின்னவருக்கு ஆபீஸ்ல ஏதோ சிக்கலாமே. சாப்பிடக்கூட இல்லைன்னு பொண்ணு அழறா. கம்ப்யூட்டர்னு வந்தா நமக்கு உங்களை விட்டா யார் இருக்கா? கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்."

எந்த வார்த்தைக்காக ஏங்கினாரோ அதே வார்த்தை. "பாக்கறேன் மாமா" என்றார். 

செவ்வாய்க்கிழமை காலை, யாரும் வருமுன் வந்து, பதினோராவது பெயரைச் சேர்த்தார். பத்து வினாடி வேலை. பிறகு மாடிக்குப் போய், கண்கள் சிவந்து நிரலை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்த சின்னவரிடம், "உன் புரோகிராம்ல ஒண்ணும் இல்லை. கணினியில ஒரு செட்டிங். லாக்அவுட் ஆனதும் நிறுத்திடுது. சரி பண்ணிட்டேன். மறுபடி ஓடவிடு" என்றார். சின்னவர் எழுந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எந்த செட்டிங், யார் வைத்தது என்று கேட்கத் தோன்றாத அளவுக்குச் சந்தோஷம். பாலத்துக்காரர்களின் வருகை எட்டு நாள் தள்ளிப்போனது. வெள்ளிக்கிழமை காலை கணக்கு சுத்தமாக முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. மாமனார் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை.

"அண்ணா மட்டும் இல்லைன்னா நான் இன்னும் அந்தப் புரோகிராமோட முட்டிக்கிட்டிருப்பேன்" என்றார் சின்னவர்.

"அத்தானுக்கு இன்னும் கொஞ்சம் வைம்மா" என்றாள் மைத்துனி, தன் அம்மாவிடம்.

கதவுக்காரர் தட்டையே பார்த்துச் சாப்பிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷமாக அந்த முகத்தைப் படித்துப் பழகியவள். பாராட்டு என்றால் காது வரைக்கும் சிரிக்கிற மனுஷர், இன்றைக்கு ஏன் பல் வலிக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்?

திரும்பி நடக்கையில், தெருமுனை திரும்பியதும் கேட்டாள்.

"அந்த செட்டிங்கை வெச்சது யாரு?"

அவர் நடையை எட்டிப் போட்டார்.

"உங்களைத்தான் கேக்கறேன். அந்த ரூமுக்குள்ள உங்களைத் தவிர வேற யாரும் கையை வைக்க முடியாதுன்னு நீங்கதானே பெருமையா சொல்வீங்க?"

"நான்தான்."

"தெரியாம நடந்ததா?"

"இல்லை."

அவள் நின்றுவிட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "என் தங்கச்சி ரெண்டாந்தரம் பரிமாறச் சொன்னப்ப வேண்டாம்னு கையால மறைச்சீங்க பாருங்க, அப்பவே நினைச்சேன்" என்றாள். நாலு அடி நடந்தபின், "நாளைக்கு சின்னவர்கிட்ட நீங்களா சொல்லுங்க. நான் சொல்லி என் தங்கச்சிக்குத் தெரிஞ்சா, அந்த வீட்டு வாசலை என்னாலயும் மிதிக்க முடியாது" என்றாள். 

திங்கட்கிழமை காலை வழக்கம்போலக் கண்ணாடிக் கதவு தட்டப்பட்டது. "உள்ள வா, உட்காரு" என்றார். சுற்றி வளைக்கவில்லை. பத்துப் பெயர் எழுதியது, பதினோராவதை எழுதாதது, மெயில், எல்லாவற்றையும் சொன்னார். "நீ வந்து என்கிட்ட கேக்கணும்னு நினைச்சேன்" என்றும் சொன்னார். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனமாக ஒலித்தது என்று அவருக்கே கேட்டது.

சின்னவர் தோளிலிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வெள்ளிக்கிழமை நான் வந்து சொல்லிட்டுப் போனேனே. அப்பத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"லாக்அவுட் பண்ணிட்டியான்னு கேட்டீங்க."

"ஆமா."

"ஒரு நாள் பூரா என் மூளை மேலயே சந்தேகப்பட்டேன். இந்த வேலைக்கே நான் லாயக்கில்லைன்னு வீட்ல அவகிட்ட சொன்னேன். ராஜினாமா லெட்டர்கூட எழுதினேன்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "மேடம்கிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். நான் சொன்னா சொந்தக்காரங்க சண்டை ஆயிடும்."

சார் என்ற அந்தச் சொல் வந்து விழுந்ததை இருவருமே கவனித்தார்கள். சின்னவர் அதைத் திருத்தவில்லை.

தலைமைப் பொறியாளர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலை போய்விடும் என்றே கதவுக்காரர் நினைத்திருந்தார்.

"பதினாறு வருஷமா அந்தக் கணினியை உங்க ஒருத்தர் கையில குடுத்துட்டு நிம்மதியா இருந்தேன். அது என் தப்பு. இனிமே நீங்க எதை மாத்தினாலும் எழுதிக் குடுங்க. இன்னொருத்தர் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மாத்தணும். அந்த இன்னொருத்தரா இருக்கச் சொல்லி உங்க சகலையையே கேக்கறேன்."

சின்னவரையே அந்த இன்னொருவராக இருக்கச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். "எனக்கு என் பாலம் போதும் மேடம்" என்றாராம். இதைக் கேள்விப்பட்டபோது கதவுக்காரருக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லியும் அவன்தானே பெரிய மனுஷன் ஆகிறான் என்றுதான் தோன்றியது. கடைசியில் அந்தப் பொறுப்பு வரைபடப் பிரிவு அம்மாவிடம் போயிற்று. ஒரு கோடு ஒரு மில்லிமீட்டர் தடித்தால்கூடத் திருப்பி அனுப்புகிறவர். கணினி பற்றி ஒன்றும் தெரியாது. அதனாலேயே ஒவ்வொரு வரியையும் கதவுக்காரரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, "இதுக்கு என்ன அர்த்தம்? இதனால யார் வேலையாவது நிக்குமா?" என்று கேட்பார். அவர் பதில் சொல்வார். முதல் வாரம் காது மடல் சிவந்தது. பிறகு பழகிக்கொண்டார். பதினோரு பெயர்களையும் அந்த அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் திங்களை அடுத்த புதன்கிழமையே பாலத்துக்காரர்கள் வந்தார்கள். கூட்ட அறையில் எல்லோரும் இருந்தார்கள். படம் சரியாகத் தெரிய வேண்டுமே என்று கதவுக்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். சின்னவர் விளக்கினார். திரையில் காற்று நீலமும் சிவப்புமாகப் பாலத்தின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டு போயிற்று; வேகம் கூடக் கூட ஓர் ஓரத்தில் சுழல் கட்டியது. அங்கே ஒரு சின்னத் தகட்டைப் பொருத்தினால் சுழல் உடைந்து சிதறும் என்று காட்டினார். உடைந்து சிதறவும் செய்தது. வந்தவர்களில் மூத்தவர் கையைத் தட்டினார். அறையே தட்டியது. கதவுக்காரரும் தட்டினார். அற்புதமான வேலை என்பது அவருக்குப் புரிந்தது. மற்றவர்களைவிட நன்றாகவே புரிந்தது. அதுதான் வலித்தது.

கூட்டம் முடிந்து போகையில் சின்னவர் அவர் பக்கமாக வந்து, "படம் நல்லா தெரிஞ்சுது சார். தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். நின்று பேசவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மனைவி கேட்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

"பிரமாதமா பேசினான். எல்லாரும் கை தட்டினாங்க."

"நீங்க?"

"நானும்தான் தட்டினேன்."

"வயிறு எரிஞ்சுதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "எரிஞ்சுது" என்றார்.

அவள் கொடியிலிருந்து துண்டை உருவினாள். அதை அவர் தோளில் போட்டு, "போய்க் கை கால் கழுவிட்டு வாங்க. எரியற வயித்துக்கும் சோறு போட்டுத்தானே ஆகணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.